மைதானத்தில் நிற்கிறார்கள், வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள்: கால்பந்துக் குழுவை வைத்து என்ன செய்யலாம்?

கேள்வி
பதிவிட்டவர்: மாலைநேரக் கோச்

வணக்கம். வடசென்னையில் ஒரு மாநகராட்சித் திடலில் ஒன்பது ஆண்டுகளாக மாலை வேளைகளில் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். இது என் தொழில் அன்று. பகலில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதுகிறேன். இப்போது என்னிடம் 18 முதல் 24 வயது வரை உள்ள இருபத்தாறு பேர் வருகிறார்கள். அவர்களில் ஐந்து பேர் கல்லூரியில் படிக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள். சிலர் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவர்கள். இவர்களை வேலையில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவதும் முழு உண்மையாகாது. முகூர்த்த நாட்களில் கேட்டரிங்குக்குப் போவார்கள், பெயின்ட் அடிக்கப் போவார்கள், நண்பனின் வண்டியை வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் உணவு டெலிவரி செய்வார்கள். ஆனால் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று வீட்டில் சொல்லிக்கொள்ளும்படியான வேலை ஒருவருக்கும் இல்லை.

சென்ற ஆண்டு தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஏழு பேரை ஒரு தொழிற்சாலையில் சேர்த்துவிட்டேன். மூன்று மாதம் முடிவதற்குள் ஆறு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். எனக்கு விளங்காதது இதுதான்: அந்த ஆறு பேரும் மழை பெய்தாலும் மாலை ஐந்தரைக்குத் திடலில் நிற்பவர்கள், தோற்ற ஆட்டத்தைப் பற்றி இரவு பத்து மணிவரை பேசுபவர்கள், காயம்பட்டவனைத் தோளில் சுமந்து ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்கள். நேரம் தவறாமை, கூட்டாக உழைப்பது, விட்டுக்கொடுக்காமை என்று விளையாட்டால் வரும் என எல்லோரும் பட்டியலிடுகிற குணங்கள் அத்தனையும் இவர்களிடம் இருக்கின்றன. அவை தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் எங்கே போகின்றன?

இன்னொரு சிக்கலும் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைத்துவிடும் என்று காத்திருக்கிற சிலர் இருக்கிறார்கள். ஒருவனுக்கு 24 வயதாகிறது. மாவட்ட அளவைத் தாண்டி ஆடியதில்லை. அவனிடம் உண்மையைச் சொல்வதா, ஆசையை வளர விடுவதா என்று தெரியாமல் நாட்களைக் கடத்துகிறேன். அவனுடைய தாயார் சென்ற வாரம் திடலுக்கே வந்து, "இன்னும் எத்தனை வருசம் சார் இந்தப் பந்து?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விளையாட்டுப் பயிற்சியையே வேலைக்குத் தகுதியாக்கும் பயிற்சியாக மாற்ற முடியும் என்று படித்திருக்கிறேன். எங்கேனும் அது உண்மையில் நடந்திருக்கிறதா? பணமோ அலுவலகமோ இல்லாத என்னைப் போன்றவர் எதிலிருந்து தொடங்குவது?


மறுமொழி 1
பதிவிட்டவர்: ஓரகடம் இரண்டாம் ஷிப்ட்

ஐயா, நான் ஓரகடம் பகுதியில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவில் பதினொரு ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து பதில் சொல்லத் தகுதியுடையவன் என்று நினைக்கிறேன், ஏனெனில் உங்கள் ஆறு பேரைப் போன்றவர்களின் பெயர்களை வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது என் மேசையில்தான் நடக்கிறது.

அந்தக் குணங்கள் எங்கும் போய்விடவில்லை. மழையிலும் அவர்கள் திடலுக்கு வருவதற்குக் காரணம், வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்பதற்கு ஆள் இருப்பது. தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரர் மூலமாகச் சேர்ந்த புதியவன் ஒருநாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் நிறுத்தப்படுவான். அவனை யாரும் தேடமாட்டார்கள். இரண்டு நாள் விடுப்பு எடுத்தவன் மூன்றாம் நாள் திரும்பி வர வெட்கப்பட்டே வேலையை விட்டுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவனை யாரும் நீக்கியிருக்கவே மாட்டோம். ஃபோன் செய்து "நாளை வருகிறேன்" என்று சொல்லலாம் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்காது.

பெரும்பாலோர் இரண்டாம் வாரத்துக்கும் ஐந்தாம் வாரத்துக்கும் இடையில் விடுகிறார்கள். அதற்கு ஒழுக்கக் குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. காரணம் பெரும்பாலும் பணம். பத்தாம் தேதி வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோதான் வரும், அதுவும் முழு மாதத்துக்கான சம்பளமாக இராது. கேட்டரிங்கில் இரவே கையில் ஐந்நூறு, அறுநூறு பார்த்துப் பழகியவன் அந்த முப்பது நாட்களை எதைக் கொண்டு ஓட்டுவான்? கம்பெனிப் பேருந்து நிற்கும் இடம்வரை போகவும், இடையில் தேநீர் குடிக்கவும், ஃபோனுக்கு ரீசார்ஜ் செய்யவும் காசு வேண்டும். இருபதாம் நாள் யாராவது ஒரு கல்யாண வேலைக்குக் கூப்பிட்டால் போய்விடுவான். உங்கள் குழுவில் ஒரு சிறு சுழல்நிதி இருந்து, வேலைக்குச் சேர்பவனுக்கு முதல் மாதச் செலவுக்கு மூவாயிரம் கொடுத்து இரண்டு சம்பளங்களில் திரும்ப வாங்கினால், பத்து நாள் ஆளுமைப் பயிற்சி வகுப்பைவிட அது அதிகம் பயன்படும் என்பது என் துணிபு.

அடுத்த காரணம், திருத்தப்படுவதைத் தாங்குவது. உற்பத்தி லைனில் சூப்பர்வைசர் பத்துப் பேர் முன்னிலையில் சத்தம் போட்டால் இவர்கள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார்கள். சூப்பர்வைசர் அப்படிப் பேசுவது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைத்தான் திடலில் சொல்லிக்கொடுக்க முடியும். ஆட்டத்தின் நடுவில் ஒருவனை வெளியே அழைத்து மாற்றாளை இறக்குகிறீர்கள் அல்லவா? அப்போது அவன் முகத்தில் தோன்றுவதும் லைனில் தோன்றுவதும் ஒன்றே. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு வருகிறானா, ஜெர்ஸியைக் கழற்றி எறிகிறானா என்பதை நீங்கள் ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறீர்கள். அதை அவனிடம் எடுத்துச் சொல்லி, "வேலையிலும் இதே நிமிடம் வரும்" என்று முன்கூட்டியே பேசிவைத்தால் அது பதியும். சொல்லாமல் விட்டால் தானாக ஒட்டிக்கொள்ளாது.

கையில் எடுக்க வேண்டிய சில சில்லறைக் காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆதாரில் உள்ள பெயரும் மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பாதிப் பேருக்கு முதல் சம்பளம் தாமதமாவது இதனால்தான். ஒருவனைத் தனியாக அனுப்பாதீர்கள், இருவரை ஒரே ஷிப்டுக்கு அனுப்புங்கள். ஒப்பந்த வேலையை மட்டும் பார்க்காமல் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) வாய்ப்பையும் கேளுங்கள்: 1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டத்தின்கீழ், 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம்வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். இதற்காகவே ஆள் தேடும் நிறுவனங்கள் உண்டு. கடைசியாக, உங்கள் கடிதம். "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்று எழுதிய கடிதங்கள் என் மேசையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை நான் படிப்பதில்லை. "ஆறு மாதத்தில் 72 பயிற்சிகளில் 61க்கு வந்தான், வராத பதினொன்றில் எட்டுக்கு முன்கூட்டியே சொன்னான்" என்று ஒரு கோச் எழுதிக் கொடுத்தால் அந்தப் பையனை நான் கட்டாயம் நேர்முகத்துக்கு அழைப்பேன்.


மறுமொழி 2
பதிவிட்டவர்: கிளைடு கரைத் தமிழன்

நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். "எங்கேனும் நடந்திருக்கிறதா?" என்று கேட்டிருந்தீர்கள். நான் வசிக்கும் இந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ரீட் லீக் என்ற தொண்டு நிறுவனம் ஏறத்தாழ நீங்கள் கேட்பதைத்தான் செய்கிறது. 2001இல் லண்டனில் ஒரு மருத்துவர், வீடற்றவர்களுக்காகத் தொடங்கிய கால்பந்து ஆட்டங்களே அதன் ஆரம்பம். பின்னர் அது படிப்பு, வேலை, பயிற்சி எதிலும் இல்லாத இளைஞர்களை நோக்கித் திரும்பியது. அங்கே விளையாட்டும் வகுப்பறையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆடிய களைப்போடு உள்ளே வந்து உட்காருபவர்களுக்குக் கணக்கு, ஆங்கிலம், விண்ணப்பம் எழுதுவது, நேர்முகத்தில் பேசுவது ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பந்து இல்லையென்றால் அந்த வகுப்பறைக்கு அவர்களில் பலர் வந்தே இருக்கமாட்டார்கள். பள்ளியில் பட்ட அவமானம் இன்னும் ஆறாதவர்கள் அவர்கள்.

அந்த நிறுவனத்திடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட மூன்று விதிகள். செய்ததை மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. சதவீதம் சொன்னால் அதன் பின்னால் உள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது என்று கணக்குக் காட்டினால் அதற்குத் தணிக்கை செய்யத்தக்க சான்று இருக்க வேண்டும். இரண்டாம் விதியை மட்டும் சற்று எண்ணிப் பாருங்கள். நாற்பது பேர் சேர்ந்து, பத்துப் பேர் கடைசிவரை இருந்து, அவர்களில் எட்டுப் பேர் வேலைக்குப் போனால், "எண்பது சதவீத வெற்றி" என்று விளம்பரப் பலகை வைக்கலாம். நாற்பதில் எட்டு என்றும் சொல்லலாம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் பாதியில் போன முப்பது பேரைப் பற்றி யோசிக்க வைப்பது இரண்டாவது கணக்குத்தான். ஏழு பேரில் ஆறு பேர் நின்றுவிட்டார்கள் என்று நீங்கள் ஒளிக்காமல் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த விதிதான் நினைவுக்கு வந்தது.

நேரம் தவறாமையும் விட்டுக்கொடுக்காமையும் எங்கே போயின என்ற கேள்விக்கு, இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்த ஃப்ரெட் கோல்ட்டரின் எழுத்துகளில் ஒரு வழி கிடைக்கிறது. விளையாட்டு என்பது தன்னளவில் நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள், என்ன பேசப்படுகிறது, எந்த நிபந்தனைகளில் ஆடப்படுகிறது என்பவையே விளைவைத் தீர்மானிக்கின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். விளையாட்டு முயற்சிகளை அவர் இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்: விளையாட்டை மையமாக வைத்து அதனோடு பிறவற்றைச் சேர்ப்பது ஒன்று, கல்வி, வேலை போன்ற நோக்கத்தை மையமாக வைத்து ஆட்களை ஈர்ப்பதற்கு விளையாட்டைச் சேர்ப்பது மற்றொன்று. நீங்கள் இதுவரை நடத்தியது முதல் வகைகூட அன்று, வெறும் விளையாட்டு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அதிலிருந்து இரண்டாம் வகையின் பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

அவரே வலியுறுத்தும் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரு திடலில் நடக்கும் சிறிய நல்ல மாற்றத்தை ஊர் முழுவதுமான வேலையின்மைக்குத் தீர்வாக நீட்டிச் சொல்லிவிடக் கூடாது. இருபத்தாறு பேரையும் தகுதியுள்ளவர்களாக ஆக்கிவிட்டாலும், அருகில் வேலைகள் இல்லையென்றால் நீங்கள் செய்ததெல்லாம் வரிசையில் அவர்களைச் சற்று முன்னே நகர்த்தியதுதான். அவர்களுக்கு முன்னே நின்ற வேறு இருபத்தாறு பேர் பின்னே போவார்கள். இதைச் சொல்வது உங்களைத் தளரச் செய்வதற்காக அன்று. நாளை யாராவது நிதியளிப்பவர் வந்து "எத்தனை பேரின் வாழ்க்கையை மாற்றுவீர்கள்?" என்று கேட்டால் பெரிய எண்ணைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பதற்காக.

இந்தியாவிலேயே பார்க்க விரும்பினால், 1999இல் மும்பையில் ரக்பி ஆட்டத்திலிருந்து முளைத்த மேஜிக் பஸ் நிறுவனம் இருக்கிறது. சிறுவயதில் விளையாட்டோடு தொடங்கி வாழ்வாதாரம் வரை கொண்டுசெல்வது அவர்கள் வழி. உங்கள் நிலையில் அத்தனை நீண்ட காலம் கிடையாது. உங்களிடம் இருப்பவர்கள் ஏற்கெனவே 18ஐத் தாண்டியவர்கள். ஆகவே வழிமுறையை அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. ஆனால் பத்து வயதுச் சிறுவர்களும் உங்கள் திடலின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன்.


மறுமொழி 3
பதிவிட்டவர்: பழைய கோல்கீப்பர்

மேலே எழுதிய இருவரும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கோ மனம் ஒப்பவில்லை. வடசென்னைப் பையன் பந்து ஆடினால் மட்டும் அது ஏன் எப்போதும் எதற்கோ மருந்தாக இருக்க வேண்டும்? அடையாறில் டென்னிஸ் ஆடுகிறவனிடம் "இதனால் உன் வேலைத் தகுதி உயர்ந்ததா?" என்று யாரும் கேட்பதில்லை. குற்றத்திலிருந்து காக்க, போதையிலிருந்து மீட்க, வேலைக்குப் பழக்க என்று சொல்லிச் சொல்லியே நம் பையன்களின் ஆட்டத்தை ஒரு சீர்திருத்தப் பள்ளியாக ஆக்கிவிடுகிறார்கள். நான் சொல்வது புதியதன்று. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் இத்தகைய ஒரு திட்டத்தை ஆராய்ந்த ரமோன் ஸ்பாய் 2009இல் எழுதிய கட்டுரையிலும், இளைஞரை மேலேற்றுவதும் கட்டுக்குள் வைப்பதும் ஒன்றாகவே நடக்கின்றன என்ற கவலை இருக்கிறது.

வருகைப் பதிவேடு வைத்து எண்ணத் தொடங்கியதும் பையன்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பதையும் கவனியுங்கள். மதிப்பெண் போடப்படாத இடமாக அவர்களுக்குக் கிடைத்தது திடல் ஒன்றுதான்.

வகுப்பு நடத்துவதை விடப் பொறுப்பைக் கையில் கொடுங்கள். கென்யாவின் நைரோபியில் மத்தாரே என்ற பெரிய குடிசைப் பகுதியில் 1987இல் ஒரு விளையாட்டுச் சங்கம் தொடங்கினார்கள். குப்பை அள்ளாமல் நாறிக் கிடந்த பகுதி அது. அங்கே ஓர் அணி தன் தெருவைத் துப்புரவு செய்தால் அதற்கும் லீக் அட்டவணையில் புள்ளி உண்டு. ஆட்டத்தில் மட்டும் வென்றவன் முதலிடத்துக்கு வந்துவிட முடியாது. நடுவர், பயிற்சியாளர், லீக் அமைப்பாளர் எல்லாம் அங்கேயே வளர்ந்த இளைஞர்கள். அவர்கள் செய்யும் தொண்டுக்குப் புள்ளி சேர்ந்து அது பள்ளிக் கட்டணமாகத் திரும்பி வரும். அந்தச் சங்கத்திலிருந்து கிளைத்த மத்தாரே யுனைடெட் அணி 2008இல் கென்யாவின் பிரீமியர் லீக்கையே வென்றது. யாரும் அவர்களுக்கு "குழுவாக உழைப்பது எப்படி" என்று பலகையில் எழுதிக் காட்டவில்லை. ஒரு லீக்கை நடத்திப் பார்த்தவனுக்கு அட்டவணை போடவும், சண்டையை விலக்கவும், பணத்துக்குக் கணக்குச் சொல்லவும் தானாகவே தெரிந்துவிடும்.


மறுமொழி 4
பதிவிட்டவர்: எண்களின் தோழி

சிறு குறிப்பு ஒன்று மட்டும். விளையாட்டைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதினால் பலன் உண்டா என்பதைச் சுவீடனில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டான்-ஒலோஃப் ரூத் என்ற பொருளியலாளர், உண்மையான வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான விண்ணப்பங்களை அனுப்பி, சிலவற்றில் மட்டும் விளையாட்டு ஈடுபாட்டைக் குறிப்பிட்டார். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, குறிப்பிட்டவர்களுக்கு நேர்முக அழைப்பு ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளி கூடுதலாக வந்தது. உடலுழைப்பு மிகுந்த வேலைகளில் இந்தக் கூடுதல் ஏறத்தாழ இருமடங்கு. பெரிய எண் அன்று, ஆனால் காகிதத்தில் ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவும் இல்லை. கிடங்கு, உற்பத்திப் பிரிவு, பாதுகாப்புப் பணி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் பையன்கள் அந்த வரியை விட்டுவிடாமல் எழுதட்டும். இது சுவீடன் முதலாளிகளைப் பற்றிய முடிவு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நம் ஊரில் விண்ணப்பத்தில் முதலில் படிக்கப்படுவது முகவரி.


மறுமொழி 5
பதிவிட்டவர்: ரெய்டுக்குப் போனவள்

முகவரி என்று தோழி எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஓ.எம்.ஆர். பக்கம் உள்ள ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வளர்ந்தவள். கல்லூரி வரை கபடி ஆடினேன். பட்டம் முடித்தபின் ஒரு நிறுவனத்தின் நேர்முகத்தில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டார்கள், சொன்னேன், அதன்பின் கேள்விகளின் தொனி மாறிவிட்டது. அடுத்த நேர்முகத்தில் என் அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்தேன். வேலை கிடைத்தது. ஆளைத் தகுதியுள்ளவராக்குவது பற்றி எத்தனை பேசினாலும், இந்தப் பக்கத்தைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் எங்கள் பக்கத்து மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரைச் சேர்ந்த பெண் ஒருவர் இருந்தார். அதன்பின் சில மாதங்கள் எங்கள் பக்கத்து முகவரியைச் சொல்வது எளிதாக இருந்தது. ஆனால் ஒரு முகவரியின் கறையைத் துடைக்க ஒரு தங்கப் பதக்கம் தேவைப்படுகிறது என்றால், பதக்கம் வாங்காத மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள்?

அண்ணா, உங்கள் இருபத்தாறு பேரில் பெண் ஒருத்தி கூட இல்லை என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் எங்கும் காணவில்லை. பெண்களுக்கு இந்தக் கணக்கே வேறு. எங்களுக்கு விளையாட்டு கொடுத்த மிகப் பெரிய லாபம் நேரம் தவறாமையோ கூட்டு உழைப்போ அன்று, வீட்டைவிட்டு வெளியே போய் இருட்டியபின் திரும்பி வருவதற்குக் கிடைத்த அனுமதி. முதன்முதலில் வெளியூர்ப் போட்டிக்கு என்னை அனுப்ப என் தந்தை பதினைந்து நாள் யோசித்தார்; கோச் அக்கா எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்து பேசினார். அந்த அனுமதி ஒருமுறை கிடைத்துவிட்டபின், இரண்டாம் ஷிப்ட் வேலைக்குப் போவதற்கும் வேறு ஊரில் விடுதியில் தங்குவதற்கும் வீட்டில் புதிதாகச் சண்டை போட வேண்டியிருக்கவில்லை.

ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கும் அந்தத் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. ஆனால் அது தேசிய, பன்னாட்டு அளவில் சாதித்தவர்களுக்கானது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி அணிகளில் ஆடி வேலை வாங்கிய மாமாக்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதைகள் பொய்யில்லை, அந்த வாசல்தான் ஒடுங்கிவிட்டது. என்னுடன் ஆடிய இருவர் அந்த வாசலுக்கு வெளியே 27 வயதுவரை நின்றார்கள். இறங்கி வந்தபோது, புதிதாகத் தொழில் பழக வயது கடந்துவிட்டது என்றார்கள். அந்தத் தம்பிக்கு விளையாட்டை விட மனமில்லையென்றால், பயிற்சியாளர் உரிமம் அல்லது நடுவர் தேர்வு என்ற பக்கம் திருப்பலாம். பள்ளிகளும் தனியார் அகாடமிகளும் உரிமம் பெற்ற கோச்சுகளைத் தேடுகின்றன. சம்பளம் பெரிதாக இராது, பகல் முழுவதும் இராது. ஆனால் அது அவன் தானாகச் சம்பாதித்த பெயராக இருக்கும்.


மறுமொழி 6
பதிவிட்டவர்: மாலைநேரக் கோச்

அனைவருக்கும் நன்றி. பதில்களைப் படித்துவிட்டு, வேலையை விட்ட ஆறு பேரில் நால்வரைத் தேநீர்க் கடையில் உட்கார வைத்துத் தனித்தனியே கேட்டேன். இதை நான் சென்ற ஆண்டே செய்திருக்க வேண்டும். இருவர் ஓரகடம் நண்பர் சொன்ன அதே காரணத்தைச் சொன்னார்கள்: முதல் சம்பளம் வரும்வரை கையில் காசில்லை, என்னிடம் கேட்கக் கூச்சம். ஒருவன், சூப்பர்வைசர் தன் தாயைப் பழித்துப் பேசியதாகச் சொன்னான். அதைத் தாங்கிக்கொள் என்று அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை; சொல்லவும் மாட்டேன். நான்காமவன் சொன்னதுதான் என்னை உலுக்கியது. இரண்டாம் ஷிப்ட் போட்டதால் மாலை ஆட்டத்துக்கு வர முடியவில்லை, அணியில் தன் இடத்தை வேறொருவனுக்கு நான் கொடுத்துவிட்டேன், அதனால் வேலையை விட்டேன் என்றான். வேலைக்கு அனுப்பியவனும் நானே, வேலைக்குப் போனதற்காக அவனைத் தண்டித்தவனும் நானே. ஆகவே ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு பயிற்சியைப் புதிதாக வைத்திருக்கிறேன்; வேலைக்குப் போகிறவர்களுக்கு அணியில் இடம் அந்தப் பயிற்சியைக் கொண்டே முடிவாகும்.

பழைய கோல்கீப்பர் ஐயாவின் கோபம் நியாயமானது. எனவே வருகைப் பதிவேட்டை நான் எழுதவில்லை. பையன்களே மாதம் ஒருவராக எழுதுவது என்றும், கடிதம் வேண்டும் என்று கேட்பவனுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து எழுதிக் கொடுப்பது என்றும் அவர்களோடு பேசி முடிவு செய்தோம். பொங்கலுக்கு எட்டு அணிகள் ஆடும் ஒரு சிறு போட்டியை அவர்களே நடத்தப் போகிறார்கள். திடலுக்கு அனுமதி வாங்குவது முதல் நடுவருக்குப் பணம் கொடுப்பது வரை நான் தலையிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கைக் காப்பது எனக்குக் கடினமாக இருக்கும்.

சுழல்நிதிக்கு இதுவரை பதினோராயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, பெரும்பகுதி என்னோடு முன்பு ஆடியவர்கள் கொடுத்தது. மூன்று பேருக்கு அது போதும்; நான்காமவர் காத்திருக்க வேண்டும். அந்த 24 வயதுத் தம்பியிடம் பேசினேன். அரை மணிநேரம் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான். மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை, அதற்கு அடுத்த நாள் வந்தான். நடுவர் தேர்வைப் பற்றி அவனாகக் கேட்கும்வரை நானாக எடுக்கப் போவதில்லை. தங்கை கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. திடலின் ஓரத்தில் நின்று பார்ப்பவர்களில் சிறுமிகளும் இருக்கிறார்கள் என்பதை, நீங்கள் கேட்டபின்தான் கவனித்தேன்.

ஆவணங்களைச் சரிபார்த்ததில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஒரு குறை இருக்கிறது. ஒருவனுக்கு ஆதாரில் பிறந்த தேதி தவறு. பள்ளிச் சான்றிதழில் 2004, ஆதாரில் 2006. இதைத் திருத்த எந்த மையத்துக்கு எவற்றை எடுத்துப் போக வேண்டும் என்று அண்மையில் செய்து பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். சனிக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.